மழைத் தண்ணீரும் டாக்ஸிசைக்ளினும்: வாசகர் கேள்விகள், மருத்துவர் பதில்கள்

மும்பையில் மழை வலுத்த பிறகு இந்தப் பகுதிக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை டாக்ஸிசைக்ளின் என்ற ஒரே மருந்தைப் பற்றியவை. மாநகராட்சிச் சுகாதாரப் பணியாளர் கொடுத்துச் சென்றது, பக்கத்து வீட்டில் மிச்சமிருந்தது, மெடிக்கல் ஷாப்பில் வாய்மொழியாகக் கேட்டு வாங்கியது என்று பல வழிகளில் அது வீடுகளுக்குள் வந்திருக்கிறது. 1967 முதல் புழக்கத்தில் உள்ள, விலை குறைந்த, நம்பத்தக்க ஆன்டிபயாடிக் அது. தேங்கிய மழைத் தண்ணீரில் நடந்தவர்களுக்கு எலிக்காய்ச்சலுக்குத் தடுப்பாக அது கொடுக்கப்படுகிறது. அதனால் நேரும் துன்பங்களில் பெரும்பகுதி, எப்படி விழுங்க வேண்டும் என்று யாரும் சொல்லித் தராததாலும், யாருக்கு அது கூடாது என்று கேட்காமல் கொடுப்பதாலும் வருபவை என்பதை இந்தக் கடிதங்களே காட்டுகின்றன. ஆகவே இந்த முறை முழுப் பகுதியையும் இந்த ஒரு மருந்துக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: என் கணவர் தாராவி தொண்ணூறு அடி சாலைக்கு அருகில் ஒரு தோல் பட்டறையில் வேலை செய்கிறார். சென்ற வாரம் முழங்கால் அளவு தண்ணீரில் நடந்து வீட்டுக்கு வந்தார். சுகாதாரப் பணியாளர் ஒருவர் இரண்டு கேப்ஸ்யூல்களைக் கொடுத்து விழுங்கச் சொன்னார். இரவு படுக்கும் நேரத்தில் ஒரே மிடறு தண்ணீரில் இரண்டையும் சேர்த்து விழுங்கிவிட்டுப் படுத்துவிட்டார். விடியற்காலையில் நெஞ்சுக்கு நடுவில் குத்துவது போன்ற வலி வந்து எழுந்துகொண்டார். மூன்று நாட்களாக எச்சில் விழுங்கினாலும் வலிக்கிறது என்கிறார். இது மருந்து ஒவ்வாமையா டாக்டர்? இனி இந்த மருந்தே அவருக்கு ஆகாதா?
– ஒரு வாசகி, தாராவி

பதில்: நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் ஒவ்வாமையாகத் தெரியவில்லை. கேப்ஸ்யூல் உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு அங்கே புண் ஏற்படுத்தியிருக்க வாய்ப்பு மிகுதி. ஆனால் அதை உறுதி செய்யும் முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நெஞ்சுவலியுடன் வியர்வை, மூச்சிரைப்பு, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, தலைசுற்றல் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால், மாத்திரையின் மேல் பழியைப் போட்டுவிட்டு வீட்டில் இருக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குச் சென்று இ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட வேண்டும். விழுங்கும்போது மட்டும் அல்லது விழுங்கும்போது மிகுதியாக வலிப்பது உணவுக்குழாய்ப் புண்ணின் அடையாளம் என்றாலும், அந்த முடிவை நேரில் பார்க்கும் மருத்துவர் எடுப்பதே பாதுகாப்பானது.

டாக்ஸிசைக்ளின் ஈரத்தில் கரையும்போது கடும் அமிலத்தன்மை கொண்ட கரைசலாக மாறுகிறது. வயிற்றின் உட்சுவர் அமிலத்தைத் தாங்கும் வகையில் அமைந்திருக்கிறது. உணவுக்குழாயின் உட்சுவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. தண்ணீர் போதாமல் விழுங்கிய கேப்ஸ்யூலின் ஜெலட்டின் உறை ஈரம் பட்டுப் பிசுபிசுப்பாகி, இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய இரத்தக்குழாய் உணவுக்குழாயை அழுத்திச் செல்லும் நெஞ்சின் நடுப்பகுதியில் தங்கிவிடக்கூடும். படுத்திருப்பவருக்கு அது தானாகக் கீழே இறங்குவதும் கடினம். உறக்கத்தில் நாம் எச்சில் விழுங்குவதும் மிகக் குறைந்துவிடுவதால், மருந்து இருந்த இடத்திலேயே கரைந்து அந்தச் சுவரைப் புண்ணாக்குகிறது. உங்கள் கணவர் செய்த மூன்றும், அதாவது குறைந்த தண்ணீர், இரண்டையும் ஒருசேர விழுங்கியது, உடனே படுத்தது ஆகிய மூன்றும், இந்தப் புண் வருவதற்கு வழிவகுப்பவை. அவரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. கேப்ஸ்யூலைக் கையில் கொடுக்கும் எவரும் அதை விழுங்கும் முறையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்; அந்த இரண்டு வாக்கியங்கள் விடுபட்டுப் போவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

பெரும்பாலோருக்கு இந்தப் புண் சில நாட்களில், சற்று ஆழமாக இருந்தால் இரண்டு மூன்று வாரங்களில், தழும்பின்றி ஆறிவிடும். அதுவரை காரம், புளிப்பு, கொதிக்கும் சூட்டில் உள்ள தேநீர், மது, புகை ஆகியவற்றைத் தவிர்த்து, ஆறிய கஞ்சி, குழைந்த சாதம், இளநீர் போன்றவற்றை எடுத்துக்கொள்ளட்டும். அமிலச் சுரப்பைக் குறைக்கும் மருந்தையோ, புண்ணின் மேல் படிந்து காக்கும் சுக்ரால்ஃபேட் என்ற திரவத்தையோ மருத்துவர் தரக்கூடும். வலிக்காகப் புரூஃபென் போன்ற மாத்திரைகளைத் தாமாக விழுங்க வேண்டாம். அவையும் உணவுக்குழாயைப் புண்ணாக்கக் கூடியவை. தண்ணீர்கூட இறங்கவில்லை, இரத்தம் கலந்து வாந்தி வருகிறது, மலம் தார் போலக் கறுத்துப் போகிறது, காய்ச்சல் வருகிறது என்றால் அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இனி இந்த மருந்து அவருக்கு ஆகவே ஆகாது என்று முடிவு செய்யத் தேவையில்லை. புண் ஆறும்வரை அடுத்த வேளை எதையும் விழுங்காமல், நடந்ததை மருத்துவரிடம் சொன்னால், தேவைப்பட்டால் வேறொரு மருந்தை அவர் தேர்ந்தெடுப்பார். பின்னாளில் டாக்ஸிசைக்ளின் வேண்டியிருந்தால் இந்த முறையைக் கடைப்பிடிக்கட்டும்: பகலில், உணவுக்கு நடுவிலோ உணவு முடித்த உடனேயோ, நேராக நிமிர்ந்து உட்கார்ந்தோ நின்றோ, ஒரு பெரிய தம்ளர் நிறையத் தண்ணீருடன் விழுங்க வேண்டும். இரண்டு கேப்ஸ்யூல்கள் என்றால் ஒன்றை விழுங்கித் தண்ணீர் குடித்த பிறகே மற்றொன்று. அதன் பிறகு அரை மணி நேரமாவது, முடிந்தால் ஒரு மணி நேரம், படுக்கக் கூடாது. உணவோடு எடுப்பதால் குமட்டலும் குறையும். இரவுப் பணி முடித்துப் பகலில் உறங்குபவர்கள், உறங்கப் போகும் முன் விழுங்காமல், எழுந்து உண்ணும்போது விழுங்கலாம்.

கேள்வி: மழைத் தண்ணீரில் கால் வைத்தவர்கள் எல்லோரும் இந்த மாத்திரையை விழுங்கித்தான் ஆக வேண்டுமா? எங்கள் கட்டடத்தில் ஒருவர் ஒன்று போதும் என்கிறார், இன்னொருவர் ஆறு வாரம் என்கிறார். எதைக் கேட்பது?
– ஒரு வாசகர், செம்பூர்

பதில்: இருவர் சொல்வதிலும் ஓரளவு உண்மை இருக்கிறது, அவர்கள் வெவ்வேறு மனிதர்களுக்கான அளவைச் சொல்கிறார்கள்.

மும்பையில் லெப்டோ என்று எல்லோரும் சொல்லும் எலிக்காய்ச்சல், லெப்டோஸ்பைரா என்ற நுண்ணுயிரால் வருவது. எலி, நாய், மாடு போன்ற விலங்குகளின் சிறுநீரில் அது வெளியேறி, தேங்கிய தண்ணீரிலும் சேற்றிலும் கலந்து, காலில் உள்ள சிராய்ப்பு, வெடிப்பு, நீரில் ஊறி மென்மையான தோல், கண், வாய் ஆகியவற்றின் வழியே உடலுக்குள் நுழைகிறது. 2005 ஜூலை 26 அன்று சான்டாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பெய்து நகரமே மூழ்கிய பிறகு, அடுத்த வாரங்களில் இந்தக் காய்ச்சல் பெருகியதை அப்போது இங்கிருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஹிந்த்மாதாவிலும் கிங்ஸ் சர்க்கிளிலும் குர்லாவிலும் தண்ணீர் தேங்கும் ஒவ்வொரு மழைக்கும் மாநகராட்சி எச்சரிக்கை விடுப்பதற்குப் பின்னால் அந்த அனுபவம் இருக்கிறது.

மாநகராட்சி அண்மை ஆண்டுகளில் வெளியிட்டு வரும் அறிவுறுத்தல் மக்களை மூன்றாகப் பிரிக்கிறது. காலில் காயம் இல்லாமல் ஒருமுறை தேங்கிய தண்ணீரில் நடந்தவருக்கு 200 மில்லிகிராம் டாக்ஸிசைக்ளின் ஒரே ஒருமுறை. காலில் காயத்துடன் நடந்தவருக்கு நாளொன்றுக்கு 200 மில்லிகிராம் வீதம் மூன்று நாட்கள். பலமுறை தண்ணீரில் இறங்கியவர்கள், தொழிலாலேயே நாள்தோறும் இறங்க வேண்டியிருக்கும் துப்புரவுப் பணியாளர்கள், சாக்கடைப் பணியாளர்கள் போன்றோருக்கு வாரம் ஒருமுறை 200 மில்லிகிராம் வீதம் ஆறு வாரங்கள். கடைகளில் பெரும்பாலும் 100 மில்லிகிராம் கேப்ஸ்யூல்தான் கிடைக்கும் என்பதால் 200 என்பது இரண்டு கேப்ஸ்யூல்கள். தண்ணீரில் நடந்த 24 முதல் 72 மணி நேரத்துக்குள், மருத்துவரைக் கேட்டு இதைத் தொடங்க வேண்டும். இந்த அளவுகள் பெரியவர்களுக்கானவை. கர்ப்பிணிகளுக்கும் எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் பொருந்தாதவை. உங்கள் கட்டடத்தில் ஒருவருக்கு வந்த சீட்டை மற்றவர் பின்பற்றக் கூடாததற்குக் காரணம் இதுதான். மாநகராட்சி மருந்தகத்திலோ உங்கள் குடும்ப மருத்துவரிடமோ காலைக் காட்டி, எத்தனை நாள் எவ்வளவு ஆழத்தில் நடந்தீர்கள் என்று சொன்னால் எந்த வகை என்று அவர் முடிவு செய்வார்.

வாராந்தர அளவு பயன்படுமா என்று கேட்பவர்களுக்காக இதையும் எழுதுகிறேன். பனாமாக் காடுகளில் பயிற்சி பெற்ற 940 அமெரிக்கப் படைவீரர்களிடம் நடத்தி 1984-இல் வெளியிட்ட ஆய்வில், வாரம் 200 மில்லிகிராம் டாக்ஸிசைக்ளின் எடுத்த பாதிப் பேரில் ஒருவருக்கும், வெற்று மாத்திரை எடுத்த மறுபாதியில் இருபது பேருக்கும் எலிக்காய்ச்சல் வந்தது. அவர்கள் சில வாரங்கள் மட்டுமே காட்டில் இருந்தவர்கள் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். ஆண்டுதோறும் இந்த நோய் தலைகாட்டும் வட அந்தமானில் நம் நாட்டு ஆய்வாளர்கள் செய்து 2000-இல் வெளியிட்ட ஆய்வில், இந்த மருந்து தொற்று நுழைவதைத் தடுக்கவில்லை, ஆனால் நோயாக வெளிப்படுவதையும் அதன் கடுமையையும் குறைத்தது என்று தெரிந்தது.

ஆகவே மாத்திரை விழுங்கியவருக்கும் எலிக்காய்ச்சல் வரக்கூடும் என்பதை நான் அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். தண்ணீரில் நடந்த பின் பெரும்பாலும் 5 முதல் 14 நாட்களுக்குள், சிலருக்கு ஒரு மாதம் வரையிலும்கூட, காய்ச்சல் வரலாம். காய்ச்சலோடு கெண்டைக்கால் தசைகளில் தொட்டாலே வலி, கடும் தலைவலி, பீளையில்லாமல் கண் சிவத்தல் ஆகியவை இருந்தால் ஐயம் வலுக்கிறது. கண் மஞ்சளாவது, சிறுநீர் குறைவது, மூச்சுத் திணறல், இருமலில் இரத்தம் ஆகியவை நோய் ஈரலையும் சிறுநீரகத்தையும் நுரையீரலையும் தாக்கிவிட்டதன் அடையாளங்கள். அந்த நிலையில் ஊசி வழியாக வேறு ஆன்டிபயாடிக் தர வேண்டியிருக்கும். அதே பருவத்தில் டெங்குவும் மலேரியாவும் நகரில் இருப்பதால், காய்ச்சல் வந்தவுடன் வீட்டில் மிச்சமுள்ள கேப்ஸ்யூலை விழுங்கிவிட்டுக் காத்திருப்பது பேராபத்து. டெங்கு வைரஸால் வருவது. அதன் மேல் இந்த மருந்துக்கு எந்த வேலையும் இல்லை. இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், தண்ணீரில் நடந்ததை மருத்துவரிடம் நீங்களாகவே சொல்லுங்கள்.

கேள்வி: ஐந்து மாதக் கர்ப்பிணியான என் மகள் பிரசவத்துக்காகத் திருநெல்வேலியிலிருந்து வந்திருக்கிறாள். அவளுடைய ஆறு வயது மகனும் உடன் இருக்கிறான். ஸ்டேஷனிலிருந்து வரும்போது இருவரும் தண்ணீரில் நனைந்துவிட்டார்கள். என் மருமகனுக்குக் கொடுத்த டாக்ஸிசைக்ளின் அட்டையில் மீதி இருக்கிறது. அதையே இருவருக்கும் கொடுக்கலாமா? பேரனுக்குப் பாதி கொடுத்தால் போதுமா?
– ஒரு வாசகி, அந்தோப் ஹில்

பதில்: அம்மா, தயவுசெய்து இருவருக்கும் கொடுக்காதீர்கள். பேரனுக்குப் பாதியும் வேண்டாம். கேப்ஸ்யூலைப் பிரித்துப் பொடியாகக் கொடுப்பது வாய்க்கும் தொண்டைக்கும் தனியாக ஒரு தீங்கு.

டாக்ஸிசைக்ளின், டெட்ராசைக்ளின் என்ற மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்தது. இந்தக் குடும்பத்தின் முதல் மருந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ் ஆராய்ச்சித் தலைவராக இருந்த அமெரிக்க ஆய்வகத்திலிருந்து 1948-இல் வெளிவந்தது. பல உயிர்களைக் காத்த அந்தக் கண்டுபிடிப்புக்குப் பின் பத்தாண்டுகளுக்குள்ளாகவே, சிறு வயதில் இவ்வகை மருந்து பெற்ற குழந்தைகளின் பற்கள் மஞ்சளாகவும் பழுப்பாகவும் மாறியிருப்பதை மருத்துவர்கள் கவனித்தார்கள். இந்த மருந்துகள் சுண்ணாம்புச் சத்தோடு பிணைந்துகொள்ளும் இயல்புடையவை என்பதால், ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் பல்லிலும் வளரும் எலும்பிலும் படிந்துவிடுகின்றன. பல்லில் படிந்த நிறம் துலக்கினால் போகாது. தாயின் வயிற்றில் இருக்கும் குழந்தைக்குப் பால் பற்கள் கர்ப்பத்தின் நடுப்பகுதியிலிருந்து உருவாகத் தொடங்குகின்றன. நிலைப் பற்களின் மேற்பூச்சு ஏறத்தாழ எட்டு வயது வரை உருவாகிக்கொண்டிருக்கும். உங்கள் மகளும் பேரனும் அந்த எல்லைகளுக்குள் இருக்கிறார்கள்.

டெட்ராசைக்ளினை விட டாக்ஸிசைக்ளின் சுண்ணாம்புச் சத்தோடு குறைவாகவே பிணைகிறது என்பதும், சில நாட்கள் மட்டும் எடுத்த குழந்தைகளுக்குப் பல் நிறம் மாறவில்லை என்பதும் பிற்கால ஆய்வுகளில் தெரியவந்துள்ளன. அதனால் ஸ்க்ரப் டைஃபஸ் போன்ற உயிருக்கு ஆபத்தான காய்ச்சலில் குழந்தைகள் நல மருத்துவர் ஒரு சிறுவனுக்கு இதை எழுதிக் கொடுத்தால், பயந்து நிறுத்திவிட வேண்டாம். அங்கே நோயின் ஆபத்து பெரிது. வந்தாலும் வரலாம் என்ற நோய்க்குத் தடுப்பாகக் கொடுப்பதற்கும் அதற்கும் வேறுபாடு இருக்கிறது. கர்ப்பிணிகளுக்கும் எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் தடுப்புக்காக அசித்ரோமைசின் என்ற மற்றொரு மருந்தை மாநகராட்சியின் அறிவுறுத்தல் சொல்கிறது. அதன் அளவைக் குழந்தையின் எடை பார்த்து மருத்துவர் சொல்ல வேண்டும். இதயத் துடிப்பில் கோளாறு உள்ளவர்களுக்கு அதிலும் எச்சரிக்கை தேவை. 72 மணி நேரக் கணக்கு இருப்பதால், இதைப் படித்தவுடன் சயான் மருத்துவமனையிலோ அருகிலுள்ள மாநகராட்சி மருந்தகத்திலோ இருவரையும் காட்டிவிடுங்கள். அந்த நேரம் கடந்துவிட்டிருந்தாலும் காட்டுங்கள். ஒரு மாதம் வரை காய்ச்சல் வருகிறதா என்று கவனித்துக்கொள்ளுங்கள்.

குழந்தைக்குப் பால் கொடுக்கும் தாய்மார்கள் சிலரும் இதே கேள்வியை அனுப்பியிருக்கிறார்கள். பாலில் கலக்கும் மருந்தின் அளவு குறைவு. சில நாட்களுக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்தால் தாய்ப்பாலை நிறுத்தாமலேயே பொதுவாக எடுக்கலாம். ஆனால் பால் கொடுப்பதை அவரிடம் சொல்லிவிட வேண்டும்.

கேள்வி: இந்த மருந்து எடுக்கும்போது பால், தயிர் கூடாது என்கிறார்களே, உண்மையா? நான் இரத்தச்சோகைக்கு இரும்புச் சத்து மாத்திரையும் எடுக்கிறேன்.
– ஒரு வாசகி, டோம்பிவிலி

பதில்: பழைய டெட்ராசைக்ளினுக்குப் பால் பெரும் தடை. டாக்ஸிசைக்ளினைப் பொறுத்தவரை பாலோடு எடுத்தால் உடலில் சேரும் அளவு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறையலாம். ஆகையால் அதைத் தண்ணீரில் விழுங்குங்கள். இட்லி, ரசம் சாதம் போன்றவற்றோடு எடுத்துக்கொண்டு, பாலையும் தயிரையும் இரண்டு மணி நேரம் கழித்து வைத்துக்கொள்ளுங்கள். அதற்காக அந்த வாரம் முழுதும் தயிர் சாதத்தைத் துறக்க வேண்டியதில்லை.

இரும்புச் சத்து மாத்திரைதான் இதில் பெரிய இடையூறு. டாக்ஸிசைக்ளின் குடலில் உறிஞ்சப்பட்ட பிறகும் ஒரு பங்கு மீண்டும் குடலுக்குள் வருவதால், நேரம் தள்ளி எடுத்த இரும்புச் சத்தும் அதைப் பிடித்து வெளியேற்றிவிடுகிறது. சில நாள் மருந்து என்றால் அந்த நாட்களுக்கு மட்டும் இரும்புச் சத்தை நிறுத்திவைக்கலாமா என்று உங்கள் மருத்துவரைக் கேளுங்கள். கால்சியம், துத்தநாக மாத்திரைகளையும், நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் ஜெலுசில் போன்ற மருந்துகளையும் குறைந்தது இரண்டு மூன்று மணி நேரம் தள்ளி வையுங்கள்.

கேள்வி: எனக்கு வயது 21. முகப்பருவுக்காகத் தோல் மருத்துவர் தினமும் டாக்ஸிசைக்ளின் எழுதிக் கொடுத்தார். சிவாஜி பார்க்கில் ஒருநாள் கிரிக்கெட் ஆடிவிட்டு வந்தபின் முகமும் கைகளும் சிவந்து எரிகின்றன. நண்பன் ஒருவன் தான் எடுக்கும் ஐசோட்ரெட்டினாயின் கேப்ஸ்யூலையும் சேர்த்து எடுத்தால் பரு வேகமாகப் போகும் என்கிறான்.
– ஒரு வாசகர், மாட்டுங்கா

பதில்: தம்பி, நண்பர் சொன்னதை ஒருபோதும் செய்யாதீர்கள். இந்த இரண்டு மருந்துகளும் தனித்தனியாகவே மூளையைச் சுற்றியுள்ள நீரின் அழுத்தத்தை உயர்த்தக்கூடியவை. சேர்த்து எடுத்தால் அந்த ஆபத்து கூடுகிறது. தலைவலி, பார்வை மங்குதல், இரட்டையாகத் தெரிதல் என்று அது தொடங்கும். கவனிக்காமல் விட்டால் பார்வையே நிலையாகக் குறையலாம். டாக்ஸிசைக்ளினை மட்டும் எடுப்பவருக்கும் இத்தகைய தலைவலி வந்தால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

உங்களுக்கு வந்திருப்பது இந்த மருந்தின் நன்கு அறியப்பட்ட பின்விளைவு. தோல் வெயிலுக்கு மிகையாகக் கூசிப்போகிறது. வழக்கமாகத் தாங்கும் வெயிலிலேயே வெந்துபோகிறது. மாநிறமாகவோ கறுப்பாகவோ இருப்பவர்களுக்கு இது வராது என்ற எண்ணம் தவறு. மேகம் மூடிய நாளிலும் இது நேரலாம். சிலருக்கு நகம் சதையிலிருந்து பிரிந்து வலிக்கும். காலை பதினொன்று முதல் மாலை நான்கு வரை வெளியில் ஆடுவதைத் தவிர்த்து, முழுக்கைச் சட்டையும் விளிம்புள்ள தொப்பியும் அணிந்து, எஸ்.பி.எஃப். 30-க்கு மேற்பட்ட சன்ஸ்கிரீனை இரண்டு மணி நேரத்துக்கொருமுறை பூசுங்கள். கொப்புளம் வந்தால் மருந்தைத் தொடரும் முன் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். பருவுக்கு இதைப் பொதுவாக மூன்று நான்கு மாதங்களுக்கு மேல் நீட்டிப்பதில்லை. எப்போது நிறுத்துவது என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சென்ற ஆண்டு வாங்கிய டாக்ஸிசைக்ளின் அட்டை சமையலறை அலமாரியில் இருக்கிறது. தேதி முடிந்துவிட்டது. சளி, தொண்டை வலி வந்தால் ஒன்றிரண்டு எடுப்போம். சீட்டு இல்லாமலே கடையில் கொடுக்கிறார்களே, அப்படியானால் தீங்கில்லாத மருந்துதானே?
– ஒரு வாசகர், முலுண்ட்

பதில்: கடையில் கொடுப்பது அது தீங்கற்றது என்பதற்குச் சான்றாகாது. சட்டப்படி இது மருத்துவரின் சீட்டைக் காட்டி மட்டுமே விற்க வேண்டிய மருந்து. ஆன்டிபயாடிக் அட்டைகளில் நெடுக்காக ஒரு சிவப்புக் கோடு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மருத்துவரைக் கேட்காமல் எடுக்காதே என்று மக்களுக்கு அறிவிப்பதற்காக, 2016-இல் மத்திய அரசு அந்தக் கோட்டைப் பற்றி நாடு முழுவதும் பரப்புரை செய்தது.

தேதி முடிந்ததைக் கட்டாயம் அப்புறப்படுத்துங்கள். கெட்டுப்போன டெட்ராசைக்ளினை விழுங்கியவர்களின் சிறுநீரகம் பழுதுபட்டது 1960-களிலேயே மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறது. மும்பை மழைக்காலத்து ஈரமும் அடுப்பின் சூடும் சேரும் சமையலறை அலமாரி, தேதி முடியாத மருந்துக்கும் ஏற்ற இடமன்று.

சளியும் பெரும்பாலான தொண்டை வலியும் வைரஸால் வருபவை. இரண்டு மூன்று நாட்களில் அவை தாமாகக் குறைவதைக் கண்டு கேப்ஸ்யூல் வேலை செய்தது என்று நம்பிவிடுகிறோம். அந்த ஒன்றிரண்டு கேப்ஸ்யூல்கள் நம் குடலிலும் தோலிலும் வாழும் பிற நுண்ணுயிர்களைத் தொடுகின்றன. அவற்றில் மருந்துக்குச் சாகாதவை தங்கிப் பெருகுகின்றன, வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் பரவுகின்றன. பின்னொரு நாள் உண்மையாகவே ஆன்டிபயாடிக் தேவைப்படும் தொற்று அதே வீட்டில் வரும்போது, எளிய மருந்து பலிக்காமல், மருத்துவமனையில் சேர்த்து ஊசியில் ஏற்றும் விலையுயர்ந்த மருந்துக்குப் போக வேண்டியிருக்கிறது. கூலி வேலை செய்யும் ஒரு குடும்பத்துக்கு அந்தச் செலவு எப்படிப்பட்டது என்பதை நாள்தோறும் பார்ப்பதால் இதை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்: மிச்ச அட்டையை அடுத்தவருக்குக் கொடுக்காதீர்கள், அடுத்த சளிக்கும் வைத்திருக்காதீர்கள்.

கேள்வி: என் தந்தைக்கு வயது 68. இதய வால்வு மாற்றியதற்காக வார்ஃபரின் எடுக்கிறார். வலிப்புக்காக ஃபெனிடாயினும் உண்டு. சிறுநீரகமும் சற்றுப் பலவீனம். அவருக்கு இது சரியா?
– ஒரு வாசகி, கல்யாண்

பதில்: சிறுநீரகத்தைப் பொறுத்தவரை நல்ல செய்தி: இந்தக் குடும்பத்தின் மற்ற மருந்துகளைப் போலன்றி, சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கும் டாக்ஸிசைக்ளினின் அளவைப் பொதுவாகக் குறைக்கத் தேவையில்லை. மற்ற இரண்டும்தான் கவலைக்குரியவை. வார்ஃபரினின் இரத்தம் உறையாமல் செய்யும் தன்மையை இது கூட்டக்கூடும் என்பதால், தொடங்கிய சில நாட்களில், இரத்தம் எவ்வளவு விரைவில் உறைகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனை செய்ய வேண்டும். ஈறில் இரத்தம், காரணமில்லாத கன்றல், கறுத்த மலம் ஆகியவற்றைக் கவனியுங்கள். ஃபெனிடாயினோ, கார்பமசெப்பைனும் ஃபீனோபார்பிட்டோனும் போலவே, டாக்ஸிசைக்ளினை உடலிலிருந்து விரைவாக வெளியேற்றி, அதன் பலனைக் குறைத்துவிடும். அவருடைய எல்லா மருந்து அட்டைகளையும் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் எடுத்துச் சென்று காட்டிய பிறகே தொடங்குங்கள்.

கேள்வி: மருந்து தொடங்கியபின் வயிற்றுப்போக்கு வந்தால் நிறுத்திவிடலாமா?
– ஒரு வாசகர், சயான் கோலிவாடா

பதில்: ஓரிரு முறை இளகிப் போவதும், லேசான குமட்டலும் பலருக்கு வரும், உணவோடு எடுத்து, உப்பு சர்க்கரைக் கரைசல் குடித்தால் போதும். தண்ணீராகப் பலமுறை போவது, இரத்தமோ சளியோ கலப்பது, காய்ச்சலோடு வயிற்று வலி ஆகியவை வந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். மருந்து முடிந்து சில வாரங்கள் கழித்தும் இது வரலாம், அப்போதும் ஆன்டிபயாடிக் எடுத்ததைச் சொல்லுங்கள். பேதி நிற்பதற்கான மாத்திரையை நீங்களாக விழுங்க வேண்டாம். உடலெங்கும் தடிப்பு, உதடோ முகமோ வீங்குதல், மூச்சுத் திணறல் என்றால் அதுவே உண்மையான ஒவ்வாமை. ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும், அதன் பிறகு வாழ்நாள் முழுவதும் எந்த மருத்துவரிடமும் இந்த மருந்தின் பெயரைச் சொல்லி ஆகாது என்று தெரிவிக்க வேண்டும்.

கேள்வி: நான் மழைநீர் வடிகால் வேலைக்குப் போகிறேன். ஞாயிறுதோறும் இரண்டு கேப்ஸ்யூல்கள் என்று ஆறு வாரத்துக்குக் கொடுத்தார்கள். மூன்றாவது ஞாயிறு மறந்துபோய் புதன்கிழமைதான் நினைவு வந்தது. அடுத்த ஞாயிறு நான்காக விழுங்கிவிடலாமா?
– ஒரு வாசகர், குர்லா

பதில்: வேண்டாம். மறந்த வேளையை நினைவு வந்த அன்றே, அதாவது புதன்கிழமையே, இரண்டு கேப்ஸ்யூல்களாக எடுத்துக்கொண்டு, அங்கிருந்து ஏழு நாட்கள் கணக்கிட்டு அடுத்த புதன்கிழமை தொடருங்கள். எந்த நாளிலும் இரண்டு வேளைக்கான மருந்தைச் சேர்த்து எடுக்கக் கூடாது. வயிறும் உணவுக்குழாயும் புண்ணாகுமே தவிர, பாதுகாப்பு அதிகமாகாது. இடையில் காய்ச்சல் வந்தால் வாராந்தர அளவை நம்பியிருக்காமல் அன்றே இரத்தப் பரிசோதனைக்குச் செல்லுங்கள். எலிக்காய்ச்சல் என்று தெரிந்தால் அதற்கான அளவும் நாட்களும் வேறு. ஆறு வாரம் முடிந்த பிறகும் தண்ணீரில் இறங்கும் வேலை தொடர்ந்தால், நீங்களாகக் கடையில் வாங்கி நீட்டிக்காமல், அட்டையை எடுத்துக்கொண்டு மருந்து கொடுத்த மருந்தகத்துக்கே போய்க் கேளுங்கள். முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸும் கையுறையும் உங்கள் மேற்பார்வையாளரிடம் கேட்டுப் பெற உங்களுக்கு உரிமை உண்டு. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கால்களைக் கழுவித் துடைத்து, விரல் இடுக்குகளில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் நீர் புகாத பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு மறுநாள் வேலைக்குச் செல்லுங்கள்.